புரட்டிப் போட்ட வரைபடம்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. சிவில் டிப்ளமோ படித்தவள் நான். கட்டடம் கட்டுகிறவர்கள் கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒழுகுவதும் அடைத்துக்கொள்வதும் விரிசல் விடுவதும் எங்கள் தலையில்தான் விழும். கையில் இருப்பது அவர்கள் விட்டுப்போன வரைபடங்கள் மட்டும். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகிற பைப்பையும் வயரையும் கண்ணால் பார்க்க முடியாது. வரைபடம் சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

எங்கள் கம்பெனியில் இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. முதலில் கட்டியது பழைய பிளாக். அதையே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி எதிரில் கட்டியது புது பிளாக். புது பிளாக்கின் கீழ்த்தளத்தில் நடுவே படிக்கட்டு. படிக்கட்டுக்கு இடப்பக்கம் குழந்தைகள் காப்பகம், வலப்பக்கம் முதலுதவி அறை. மாடியில் பெண்களுக்கான கழிப்பறைகள் படிக்கட்டை ஒட்டி இருந்தன.

அந்தக் காப்பகம் இல்லையென்றால் நான் வேலைக்கே வந்திருக்க மாட்டேன். என் மகன் நடக்கத் தொடங்கியதே அந்த அறையில்தான். அவனைப் பார்த்துக்கொண்டவர் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. கணவர் இறந்த பிறகு தங்கை குடும்பத்தோடு திருப்பூர் வந்து சேர்ந்தவர். சின்னதாக ஒரு சிலுவை கோத்த கறுப்புக் கயிறு கழுத்தில் கிடக்கும். ஆயா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எந்தக் குழந்தை முதுகில் தட்டினால் தூங்கும், எந்தக் குழந்தைக்குக் காதைத் தடவ வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் மகன் பள்ளிக்கூடம் போன பிறகும் லீவு நாளில் கம்பெனிக்கு வந்தால் நேராக அவரிடம்தான் ஓடுவான்.

ஒரு மழைக்காலத்தில் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நம்ம ரூம்ல தரை வேர்க்குது. துடைக்கத் துடைக்க வருது. ரெண்டு பிள்ளையள் வழுக்கி விழுந்துட்டு, பாத்துக்கிடுங்க."

போய்ப் பார்த்தேன். டைல்ஸ் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து நின்றது. சுவரின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போயிருந்தது. மழைத் தண்ணீராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மழை நின்று வெயில் அடித்தும் ஈரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது மாடிக் கழிப்பறைக்குப் போகும் தண்ணீரை நிறுத்திப் பார்த்தோம். கசிவு நின்றது. ஆக, அந்த பைப்தான். எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அரை நாள் வேலை.

கட்டடம் கட்டியபோது கோயமுத்தூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தது. அதன் அச்சுப் பிரதிகள் எங்களிடம் இருந்தன. கீழ்த்தளத்துப் பைப்புகளைக் காட்டும் தாளை எடுத்து விரித்தேன். மாடிக்குப் போகும் பைப் தரைக்கடியில் காப்பகத்தின் குறுக்கே வந்து, காப்பகத்துச் சுவருக்குள் ஏறுவதாக அதில் தெளிவாக இருந்தது. மாடிக்கான தாளைத் தேடினேன். அந்தத் தாள்களுக்குள் அது இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் கசிகிற அறையும் வரைபடம் காட்டுகிற அறையும் ஒன்றாகத்தானே இருக்கின்றன? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பிளம்பரும் தாளைப் பார்த்துவிட்டு, "இங்கதாங்க மேடம், வெட்டிப்போடலாம்," என்றார்.

குழந்தைகளை ஒரு மூலைக்கு நகர்த்தி, நடுவில் துணித்திரை கட்டி, சுவரோரம் தரையை உடைத்தோம். டைல்ஸ், காங்கிரீட், அதற்குக் கீழே ஈர மண். பைப் இல்லை.

வரைபடத்தில் சுவரிலிருந்து பைப் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று எண் போட்டிருந்தது. அளந்து பார்த்தால் அந்த எண்ணும் கோடும் ஒத்துப்போகவில்லை. எண் சொல்கிற இடம் ஒன்று, கோடு போகிற இடம் வேறு. கம்ப்யூட்டரில் வரையும்போது அளவை அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். அப்படிக் காட்டியது வேண்டிய அளவாக இல்லையென்றால், கோட்டைத் திருத்துவதற்குப் பதில் எண்ணை மட்டும் கையால் தட்டி மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். அதனால் கோடு சொன்ன இடத்திலும் உடைத்தோம். அங்கேயும் பைப் இல்லை. பிறகு சுவரைக் கொத்தினோம். ஒரு சுவரில் பழைய வயர்க் குழாய் கிடைத்தது. வரைபடத்தில் அப்படி ஒன்று இருப்பதாகவே இல்லை.

அறை முழுக்கச் சிமெண்ட் தூசி. இருமல் வராத குழந்தையே இல்லை. அக்கா தன் பழைய சேலை ஒன்றை நனைத்துத் திரையின் அடியில் சுருட்டி வைத்துத் தூசியை மறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு கொத்துவிய மேடம்? சின்னதுக்குச் சளி நெஞ்சுல கட்டிட்டு," என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழந்தைகளைப் பேக்கிங் ஹாலின் ஓரத்துக்கு மாற்றினோம். அங்கே அட்டைப்பெட்டிகள் ஆளுயரத்துக்கும் மேலே அடுக்கி நிற்கும். இரண்டாம் நாளே ஓர் அடுக்கு சரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் சத்தத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அழுதன. மாடியில் தைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவினாசிப் பக்கத்துக்காரர், வயதில் பெரியவர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"ஏனுங்கம்மிணி, கொஞ்ச நாளைக்குக் குழந்தைகளை ஊட்டுலயே வச்சுக்கச் சொல்லீருவோம். எதாச்சும் ஆகிப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தற்காலிகமாக, என்று அதில் போட்டிருந்தது.

ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வரைந்தவர் வேலையை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்றார்கள். மாடிக்கான தாளைக் கேட்டேன்.

"உங்க கிட்ட இருக்கிறதுதாங்க ஃபைனல் செட்டு."

"அது தப்பா இருக்குதுங்க. காட்டுன இடத்துல பைப்பே இல்லை."

"சைட்டுல மாத்திக் கட்டியிருப்பாங்க மேடம். டிராயிங் கரெக்டாத்தான் இருக்கும்."

போனில் பேசிய பெண்ணுக்கு, குரலை வைத்துப் பார்த்தால், என் வயதுதான் இருக்கும். அவளும் யாரோ விட்டுப்போன கோப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அச்சுப் பிரதி வேண்டாம், கம்ப்யூட்டரில் வரைந்த மூலக் கோப்பையே அனுப்புங்கள் என்று கேட்டேன். தேடி அனுப்புகிறேன் என்றாள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் வந்தது.

அதைத் திறந்து பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது. மூலையில் பெயர்க் கட்டத்தில் எங்கள் கம்பெனியின் பெயருக்குக் கீழே வேறொரு மில்லின் பெயர் அழிக்கப்படாமல் கிடந்தது. சுவர்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, மூலைகளில் இடைவெளி. கதவுகள் சுவரைத் திறக்காமல் அதன்மேல் ஒட்டவைத்தது போல இருந்தன. ஒரு தூண் ஜன்னலுக்கு நடுவில் நின்றது.

இந்த மென்பொருளில் படத்தைப் பல கண்ணாடித் தாள்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். சுவர் ஒரு தாள், மின்சாரம் ஒரு தாள், தண்ணீர் ஒரு தாள். லேயர் என்பார்கள். வேண்டாத லேயரை உறைய வைத்துவிட்டால் அது திரையில் தெரியாது. அந்த நேரத்தில் படத்துக்கு என்ன செய்தாலும் அதைத் தொடாது. நான் எல்லா லேயர்களையும் தெரியும்படி செய்தேன். பழைய பிளாக்கின் கோப்பையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். மெதுவாக விளங்கியது.

புது பிளாக்கை யாரும் புதிதாக வரையவில்லை. பழைய பிளாக்கின் படத்தை எடுத்து ஒரே கட்டளையில் இடம் வலமாகப் புரட்டியிருக்கிறார்கள். புரட்டும்போது தண்ணீர் லேயர் உறைந்து கிடந்திருக்கிறது. சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம் புரண்டன. பைப்புகள் மட்டும் புரளவில்லை. பிற்பாடு அதைத் தெரியும்படி செய்தவர், பைப்புகள் கட்டடத்துக்கு வெளியே நிற்பதைப் பார்த்து, அப்படியே இழுத்து உள்ளே வைத்திருக்கிறார். கழிப்பறை நடுவில் இருப்பதால் பைப் எந்தப் பக்கம் ஏறினாலும் நியாயமாகத்தான் தெரியும். கட்டியவர்கள் இந்தத் தாளைப் பார்க்காமல், பழைய பிளாக்கில் இருந்ததையே இடம் வலம் மாற்றிப் பைப் போட்டிருக்க வேண்டும். ஆக, வரைபடத்தில் காப்பகத்துக்கு அடியில் போன பைப், உண்மையில் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், முதலுதவி அறைக்கு அடியில் போயிற்று. உடைந்ததும் அங்கேதான். காப்பகத்தின் தரை சற்றுத் தாழ்வு. தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலேயே ஓடிவந்து இங்கே மேலே வந்திருக்கிறது.

முதலுதவி அறையின் சுவரோரம் ஒரே ஒரு டைலை எடுத்தோம். வளைவு பைப்பில் கீறல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மாற்றி முடித்துவிட்டார்கள். பிளம்பர் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. எத்தனையோ நாளாகப் பிளந்து போட்டிருந்த காப்பகத்தின் தரை படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

அந்தத் தரையைக் காங்கிரீட் போட்டு மூடினோம். டைல்ஸ் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது பெரிய ஷிப்மெண்ட் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பேக்கிங் ஹாலில் இடம் போதவில்லை. ஒரு காலையில் நான் போய்ப் பார்த்தபோது காப்பகத்தில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள் நின்றன. தொட்டில் கட்டும் கொக்கிகளில் பெட்டிகளின் தலை முட்டிக்கொண்டிருந்தது.

"சரக்குப் போனதும் காலி பண்ணித் தந்துருவோமுங்க," என்றார் பேக்கிங் மேனேஜர். ஒரு சரக்குப் போனது. அடுத்த சரக்கு வந்தது.

அக்காவை நூல் வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. நூலோடு துணியையும் வெட்டிவிடுவார். சூப்பர்வைசர் சத்தம் போடுவார். ஒரு சனிக்கிழமை அக்கா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"ஊருக்குப் போறேன் மேடம். தம்பி வீட்டுல ஒரு ரூம் கெடக்கு."

"ரூமைத் திறக்கச் சொல்லிக் கேட்டுட்டே இருக்கேனுங்க அக்கா. கொஞ்சம் பொறுங்க."

"நீங்க கேப்பிய. எனக்குத் தெரியும். ஆனா பிள்ளையள் இல்லாம எனக்கு இங்க என்ன இருக்கு, சொல்லுங்க?"

பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். என் மகனுக்குக் கருப்பட்டி மிட்டாய். அவனுக்குப் பிடிக்கும் என்று ஊரிலிருந்து வந்தவர் யாரிடமோ வாங்கி வைத்திருந்தார். கேட் வரைக்கும் கூடப் போனேன். பஸ் ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தாய்மார்களில் சிலர் வேலையை விட்டுவிட்டார்கள். சிலர் குழந்தையை மாமியாரிடம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டெய்லர் மட்டும் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்துகொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி. முன்பெல்லாம் டீ நேரத்தில் பால் கொடுக்கக் காப்பகத்துக்கு ஓடிவருவாள். இப்போது குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை.

ஒரு வேலை நாளில் பிளம்பிங் சாமான் வாங்கப் போனபோது அந்த டெய்லர் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளைத் தாண்டினேன். வாசலில் அவளுடைய மூத்த மகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழாவது படிக்கிற பெண். கம்பெனி ஆண்டு விழாவில் அவள் ஆடிப் பார்த்திருக்கிறேன்.

"ஏன் கண்ணு, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

"நான் போறதில்லைங்க மேடம். தம்பியப் பார்த்துக்கணும்." இங்கேயே வளர்ந்தவள்; அம்மாவின் பேச்சு அவளிடம் இல்லை, எங்கள் பேச்சுதான்.

"எத்தனை நாளாப் போகலை?"

"காப்பகம் மூடினதிலிருந்துங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். இடுப்பில் இருந்த குழந்தை என் கழுத்துச் சங்கிலியைப் பிடிக்கக் கை நீட்டியது. நான் வாங்கப் போன சாமானை வாங்காமலேயே திரும்பினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டடத்தை நானே அளந்து வரைவது என்று முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை. இன்னொரு தடவை இப்படி ஒரு தாளை நம்பி எதையும் உடைக்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போனேன். மூடிகளைத் திறந்து பைப் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக் குறித்தேன். சுவர்களைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தேன். எந்த எண்ணையும் கையால் தட்டவில்லை. முடித்து ஒவ்வோர் அறைக்கும் பெயர் போடும்போது காப்பகமாக இருந்த அறையில் அட்டைப்பெட்டிக் கிடங்கு என்று போட்டேன். அங்கே இருந்தது அதுதான்.

வெளிநாட்டு வாங்குபவர் சார்பில் ஆய்வு செய்ய ஆட்கள் வரும் நேரம் அது. தொழிலாளர்களுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பார்கள்; கட்டட வரைபடமும் கேட்பார்கள். ஜெனரல் மேனேஜர் என் வரைபடத்தை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா இந்த ரூம்ல காப்பகம்னு போட்டுருங்க."

"காப்பகம் இல்லீங்களே சார். பொட்டிதான் இருக்குது."

"அன்னிக்கு ஒரு நாளைக்கு எடுத்துப்போடுவாங்க. தொட்டில் கட்டிருவாங்க."

"அன்னிக்கு மட்டும் எதுக்குங்க சார்? நாளையிலிருந்தே எடுத்துருங்க. நான் இப்பவே பேரை மாத்தித் தர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏனுங்கம்மிணி, உங்களை யாரு இவ்வளவு கரெக்டா வரையச் சொன்னது?"

கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார். நான் அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். லைன் வீட்டு வாசலில் பார்த்ததை, அவள் சொன்னதை, எல்லாம். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆய்வு நாளில் பழைய வரைபடம்தான் சுவரில் ஒட்டியிருந்தது; யாரோ அதில் பெயர்களை மட்டும் புதிதாக அடித்திருந்தார்கள். காப்பகத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ சில குழந்தைகளை அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். ஆய்வாளர் படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போயின. மறுநாள் பெட்டிகள் திரும்பி வந்தன. நான் வேலையை விடவில்லை. விட்டால் எங்கள் வீட்டில் முடியாது.

ஆனால் நான் சொன்னது ஜெனரல் மேனேஜருக்குள் எங்கேயோ தங்கியிருக்க வேண்டும். அடுத்த வருடம் அவரே முன்நின்று பழைய பிளாக்கில் ஓர் அறையை ஒதுக்கிக் காப்பகத்தை மறுபடியும் திறந்தார். முன்பிருந்ததைவிடச் சின்ன அறை. ஒரே ஒரு ஜன்னல். தரையில் டைல்ஸ் போடும் முன்பு என்னைக் கூப்பிட்டு, "பைப் எங்க போகுதுன்னு பார்த்துச் சொல்லீருங்க," என்றார். உடன்குடிக்குப் போன் செய்தேன். அக்காவின் தம்பி எடுத்தார். அக்காவுக்கு இடுப்பு முடியவில்லை, இனி அவ்வளவு தூரம் வரமாட்டார் என்றார். வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள்.

அந்த டெய்லரின் மகளைப் பள்ளியில் திரும்பச் சேர்க்க நானே கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை நல்லவர். வயது போய்விடவில்லை, விட்ட வகுப்பிலேயே உட்காரட்டும் என்றார். அந்தப் பெண் வகுப்பு வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவளோடு படித்தவர்கள் மேல் வகுப்பில் இருந்தார்கள். இடைவேளை மணி அடித்தபோது அவர்கள் வெளியே வந்து இவளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று என் பின்னால் மறைந்துகொண்டாள். இரண்டு வாரம் போனாள். பிறகு போகவில்லை.

அவளுடைய அம்மாவிடம் மெஷினருகில் நின்று பேசினேன். அவள் தையலை நிறுத்தாமலே பேசினாள்.

"விடுங்க மேடம். நானும் அடிச்சுப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன். அவளுக்கு வெக்கமா இருக்காம். என்னைய என்னதான் செய்யச் சொல்றீக?"

"இன்னொரு தரம் நான் வந்து பேசட்டுமா?"

கையை மெஷினிலிருந்து எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நல்லவுகதான். ஆனா அப்பவே ஒரு மாசத்துல அந்த ரூமத் தொறந்திருந்தாப் போதும் மேடம்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யார்மீது சொல்வது என்று அவளுக்கும் தெரியாது. கோயமுத்தூரில் ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ அவசரமாக ஒரு படத்தைப் புரட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். இந்தப் பெண்ணைப் பற்றி அவர்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

இப்போது அந்தப் பெண் வீட்டிலேயே பனியன் கட்டுகளை வாங்கி நூல் வெட்டிக் கொடுக்கிறாள். தம்பி நடக்கிறான், ஓடுகிறான். காலையில் அவனைக் காப்பகத்தில் விட அவள்தான் வருகிறாள். கேட்டில் அவன் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிடுவான். அவள் வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். நான் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டாயா என்று கேட்பேன். ஆச்சுங்க மேடம் என்பாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வெட்ட வேண்டிய கட்டு வீட்டில் காத்திருக்கிறது என்று சொல்லி, வந்த வழியே வேகமாக நடந்து போய்விடுவாள்.